தேதி மறந்த பெட்டி

1981 ஆகஸ்ட்டில் ஐ.பி.எம். தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. ஸ்விட்சைப் போட்டு, டாஸ் ஃப்ளாப்பியைச் செருகினால் அது கேட்கும் முதல் கேள்வி, 'இன்றைக்கு என்ன தேதி?' பதில் சொல்லப் பொறுமையில்லாமல் எண்டர் தட்டினால் போச்சு. அன்றைக்கு அடித்த கடிதம், கணக்கு எல்லாமே 1980 ஜனவரி 1-ல் பிறந்ததாகப் பதிவாகிவிடும். டாஸின் காலண்டர் அங்கேதான் ஆரம்பம்.

1984-ல் வந்த ஏ.டி. மாடலில்தான் விடிவு. உள்ளே ஒரு கடிகார சிப், துணைக்கு ஒரு பேட்டரி. கரண்ட் போனாலும் கடிகாரம் ஓடும். அதை ஓட்டுவது, நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் துண்டு. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கிப் பாருங்கள், ஒன்று வரும். நொடிக்கு ஒரு துடிப்பு!

பின்னாளில் பேட்டரி, காசு மாதிரி சுருங்கியது. பெயர் சி.ஆர். 2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன். சில வருடங்களில் அது தீர்ந்துபோகும். பழைய டெஸ்க்டாப் தேதியை மறக்கும். தேதி தப்பென்றால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பேங்க் வெப்சைட்கூட கதவைச் சாத்தும். மதர்போர்டே காலி என்று பயந்து, பெட்டியை எடைக்குப் போடுகிறவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியை மாற்றுங்கள். பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ, புதியதும் அப்படியே. பிறகு தேதியையும் மணியையும் ஒருமுறை நீங்களே சொல்லிக்கொடுங்கள். தேதி, 1981-ல் கேட்ட அதே கேள்விதான்.