கல்யாண மேளத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள்?



ஆவணி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு ஒரே கேள்விதான். “சார், பொண்ணு கல்யாணத்துக்கு நாயனம் வைக்கவா, செண்டை மேளம் சொல்லவா, டி.ஜே. போதுமா?” இந்தக் கேள்வியே புதிது. நம் தொப்பம்பட்டிப் பக்கம் உங்கள் தாத்தா காலத்தில் இதை யாரும் கேட்டிருக்க முடியாது. யார் வீட்டுக்கு யார் வாசிப்பது என்பதை ஊர் வழக்கம் முன்பே முடிவு செய்து வைத்திருந்தது.

பழனியிலிருந்து தாராபுரம், காங்கேயம் வரை கொங்கு வேளாளர் கல்யாணங்களில் மங்கல வாழ்த்து பாடுவார்கள். பாடுபவர் நாவிதர்; குடிமகன் என்பது இங்கத்துப் பேச்சு. சடங்குகளை முன்னின்று நடத்துபவர் அருமைக்காரர். கம்பர் பாடிக் கொடுத்த வாழ்த்து என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. கல்யாண நடப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும் நீண்ட பாட்டு அது. ஒவ்வோர் அடி முடிந்ததும் மேளத்தில் ஒரு தட்டு விழும். அந்தக் கல்யாணத்தின் பாடப்புத்தகமே அதுதான் என்பேன். அத்தனையையும் மனப்பாடமாகச் சொன்னவருக்கு அறுவடையில் தானியம் கிடைத்தது. திண்ணையில் சமமாக உட்கார இடம் கிடைக்கவில்லை. பறை வாசித்தவர்களின் நிலை இன்னும் மோசம். கூப்பிடுவதும் வழக்கம், பந்தலுக்குள் விடாததும் வழக்கம்.

வசதியான வீடுகளில் நாதஸ்வரம். தாலி ஏறும் நேரத்தில் கெட்டி மேளம் கொட்டுவது, தும்மல் போன்ற அபசகுனச் சத்தம் எதுவும் காதில் விழாமலிருக்க என்பார்கள். முகாரியை மணவீட்டில் தொடமாட்டார்கள். ஆனால் மங்கல வாத்தியம் என்று பெயர் சூட்டியவர்களே வாசித்தவரை நிற்கவைத்தார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அதை மாற்றினார். கிராப்பு வெட்டி, ஷெர்வானி அணிந்து, வாய்ப்பாட்டுக்காரருக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்து வாசித்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில் ஒலித்தது அவருடைய நாதஸ்வரம்தான். ஆந்திரத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானாவின் நாதஸ்வரத்தைக் கேட்டவர்கள் மதம் பார்க்கவில்லை.

நம் ஊர்களில் தேர்வு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது குழாய் ரேடியோ. கரண்டு வந்தது, மரத்தில் குழாயைக் கட்டினார்கள். முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு. பிறகு ‘பாசமலர்’ (1961) படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கல்யாணப் பாட்டு. அடுத்த ஆண்டு ‘சாரதா’ படத்தில் மருமகளை வரவேற்கும் பாட்டு வந்தது. அது ஒலிக்காமல் பெண் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை என்றே சொல்லலாம்!

குழாய் வந்ததில் வாழ்த்து பாடியவருக்கு இடம் சுருங்கியது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. வாடகை கொடுத்தால் போதும், ஊருக்குள் ஒலித்த அதே குரல் காலனிக் கல்யாணத்திலும் ஒலித்தது. உனக்கு இந்த மேளம் கிடையாது என்று எந்த வழக்கமும் தடுக்க முடியவில்லை. வாழ்த்து பாடியவரின் பேரன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனதில் பாட்டுக்காக எனக்கு வருத்தம் உண்டு. அந்தப் பேரனுக்காக இல்லை.

இப்போது பாலக்காட்டுப் பக்கமிருந்து செண்டை வருகிறது. பேசிய தொகை, வேட்டி சட்டை, முதல் பந்தியில் சாப்பாடு. நல்லது. அதுவும் தோல் கட்டிய கொட்டுதான், பறையும் தோல் கட்டிய கொட்டுதான். ஒன்றுக்கு அட்வான்ஸ், மற்றொன்றுக்கு முகச்சுளிப்பு என்றால் குறை வாத்தியத்தில் இல்லை. நம் திண்டுக்கல்லிலேயே சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையடித்து ஆடுகிறார்கள். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆகவே எதை வேண்டுமானாலும் வையுங்கள். வாசிப்பவர்களுக்குப் பந்தலுக்குள் நாற்காலி போடுங்கள், உறவுக்காரர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட வையுங்கள், பேசிய பணத்தை மண்டபத்தைக் காலி செய்யுமுன் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வாசிக்கும்போது டி.ஜே.காரரை நிறுத்தச் சொல்லுங்கள்; இரண்டும் சேர்ந்தால் எதுவும் கேட்காது.

மங்கல வாழ்த்தை முழுதாகச் சொல்லத் தெரிந்த பெரியவர் உங்கள் ஊரில் இருந்தால், அவர் சம்மதத்தோடு போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். மேளத் தட்டோடு இருந்தால் இன்னும் நல்லது.