வயிறு நிறையத் தின்று செத்தவர்கள்

புளியந்தீவில் கல்முனை பஸ் ஏறி, காத்தான்குடியைத் தாண்டினால் ஆரையம்பதி. பழைய பெயர் ஆரைப்பற்றை. ஆரை மண்டிக்கிடந்த இடம் என்பதால் வந்த பெயர் என்று ஊரில் சொல்வார்கள். ஆரை தெரியும்தானே? வயல் வரம்போரம் ஈரச் சேற்றில் நாலு இலை விரித்து நிற்கும் கீரை. அது பூக்கவே பூக்காது, ஏனென்றால் அது ஒரு பன்னம். எங்களில் பாதிப்பேருக்கு இதை எழுத உட்காரும்வரை அது தெரியாது. கலைப்பீடப் பிள்ளைகள், மன்னிக்கவும்.

இந்த ஆரைக்கு அவுஸ்திரேலியாவில் ஒரு நெருங்கிய சொந்தம் இருக்கிறது. பெயர் நார்டூ. அதைத் தின்றுதான் பேர்க்கும் வில்ஸும் செத்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

1860 ஓகஸ்டில் மெல்பேர்னிலிருந்து பெரிய ஆரவாரத்தோடு புறப்பட்ட கூட்டம் அது. கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடப்பதுதான் நோக்கம். கடைசிக் கட்டத்தில் நாலு பேர் வடகரை வரை போனார்கள். திரும்பும் வழியில் ஒருவர் இறந்தார். மிச்ச மூவரும் 1861 ஏப்ரல் 21 மாலை கூப்பர் ஓடைக்கு வந்தபோது, மாதக்கணக்காக அங்கே காத்திருந்தவர்கள் அன்று காலைதான் கிளம்பிப் போயிருந்தார்கள். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம்.

அந்த ஓடைக்கரை யந்துருவந்தா மக்களின் ஊர். அவர்கள் மீனும் நார்டூ மாவும் கொடுத்தார்கள். ஆனால் துணியொன்றை எடுக்கப் பார்த்தார்கள் என்று பேர்க் துவக்கால் சுட்டு வெருட்டினார். அதோடு உறவு முறிந்தது. மூவரும் தாங்களே நார்டூ பொறுக்கினார்கள், இடித்தார்கள், தின்றார்கள். நாளுக்கு 4, 5 இறாத்தல் கிடைக்கிறது, ஆனாலும் இது உடம்புக்கு ஒத்துவரவில்லை, ஏனென்று விளங்கவில்லை என்று வில்ஸ் நாட்குறிப்பில் எழுதினார். வயிறு நிறைந்தது, கால் எழும்பவில்லை. வில்ஸும் பேர்க்கும் அடுத்தடுத்துச் செத்தார்கள். கிங் என்பவர் மட்டும் யந்துருவந்தா மக்களோடு போய்ச் சேர்ந்தார், அவர்கள் கொடுத்ததைத் தின்றார். செப்டெம்பரில் தேடிவந்தவர்கள் அவரை உயிரோடு கண்டார்கள்.

நார்டூவில் தயமினேஸ் என்ற நொதியம் நிறைய உண்டு. விற்றமின் பி1ஐ அது உடைத்துவிடும். மலைச்சரிவுகளில் வளரும் பிரேக்கன் பன்னத்திலும் இதே வேலைதான், அதைத் தின்ற குதிரைகள் தள்ளாடி விழும். யந்துருவந்தா பெண்கள் நார்டூவைக் கல்லில் வைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அரைத்துக் கூழாக்கினார்கள். தண்ணீர் கூடக்கூட அந்த நொதியத்தின் வேகம் குறையும். பக்கத்தில் மீனும் இருந்தது. வந்தவர்கள் மாவைக் கண்டார்கள், தண்ணீரைக் காணவில்லை. அவர்களைக் கொன்றது பெரிபெரியாக இருக்கலாம் என்று 1994இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது.

பெரிபெரி என்ற பெயரே எங்கள் தீவிலிருந்து போனது. ‘முடியாது’ என்ற பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பிறகு மலாயாவில், தீட்டிய வெள்ளையரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் அதில் விழ, புழுங்கலரிசி தின்ற தமிழர்கள் தப்பினார்கள் என்று பிராடன் என்ற வைத்தியர் கவனித்தார். நெல்லை அவித்துக் குத்தினால் அந்த விற்றமின் அரிசிக்குள் இறங்கிவிடும். பிராடன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. முதன்முதல் நெல் அவித்தவளின் பெயரோ, ஓடைக்கரையில் அரைத்தவளின் பெயரோ எங்கும் இல்லை. மெல்பேர்னில் சிலை பேர்க்குக்கும் வில்ஸுக்கும்தான்.

2022இல் மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், நாங்கள் நாலுபேர் ஃபோனில் படம் பார்த்து ஒரு பை நிறைய ஆரை ஆய்ந்துகொண்டு வந்தோம். சோறு இல்லை, ஒரு கிழமைக்கு இதையே அவித்துத் தின்போம் என்ற திட்டம். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு மாமி பையை வாங்கி முற்றத்தில் கொட்டினார்.

“இது தனியத் தின்ற சாமானில்ல மனே. சோத்தோட ஒரு பிடி. மறுகா ரெண்டு நாளைக்குத் தொடப்படாது.”

“ஏன் மாமி?”

“ஏனெண்டு எனக்கென்ன தெரியும். அம்மா அப்பிடித்தான் தருவா.”

பாதியை மாட்டுக்குப் போட்டார். மிச்சத்தைக் கழுவி, தன் பானையிலிருந்து எங்களுக்கும் புழுங்கல் சோறு போட்டுத் தந்தார்.