யூதர் தெருவும் நமது பாடமும்

ஹிட்லர் ஆட்சியில் ஏறத்தாழ 60 லட்சம் யூதர் கொல்லப்பட்டனர் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், மாணாக்கன் எண்ணை மனப்பாடம் செய்வான், மனிதரை அறியான். ஆதலின் யூதர் சரித்திரத்தைப் பினாங்கிலிருந்தே தொடங்குக என்கிறோம்.

ஜார்ஜ் டவுனில் இன்று ஜாலான் ஜைனல் ஆபிதீன் எனப்படுவது முன்னாளில் யூதர் தெருவாகும். அங்குள்ள இடுகாட்டில் 1835ஆம் ஆண்டுக் கல்லறை முதலாக நூற்றுக்கு மேற்பட்டவை உள. அச்சமூகத்தாரிற் பலர் பாக்தாத் வழிவந்த வணிகர். நம் நாகூரின் பெயர் தாங்கிய நாகூர் சாலையில் 1929இல் ஜெப ஆலயம் கண்டனர். கூட்டு வழிபாட்டுக்கு ஆடவர் பதின்மர் வேண்டுமென்பது அவர்தம் விதி. அப்பதின்மரும் கிடையாமையால் 1976இல் அது மூடப்பட்டது. பினாங்கின் கடைசி யூதர் எனப்பட்ட டேவிட் மொர்டெக்காய் 2011இல் காலமானார்.

ஒரு சிறு கூட்டம் மறைவதற்குப் பகைவனின் வாள்தான் வேண்டுமென்பதில்லை. இளையோர் வேற்றூர் செல்வதும், தெருப்பெயர் மாறுவதும், கதை சொல்வார் இல்லாமற் போவதுமே போதும்.

பாலஸ்தீன மக்களின் துயர் கண்டு மனம் கொதிப்போர், இப்பாடம் எதற்கு என்பர். அக்கொதிப்பு நியாயமே. ஆயினும் ஓர் அரசின் செயல் வேறு, ஓர் இனத்தாரின் வரலாறு வேறு எனப் பகுத்தறியப் பழக்குவதன்றோ கல்வி?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் நம்மவரும் சிதறினோம். ஆசிரியர்காள்! பிள்ளைகளை அவ்விடுகாட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். பின்னர், தத்தம் பாட்டனைப் புதைத்த இடம் எதுவென வீட்டில் வினவி எழுதிவரச் சொல்லுங்கள்.