இவாஞ்சலினுக்குச் சிலை இருந்தது, தொகுதி இல்லை

1755-இல் பிரித்தானியர் நோவா ஸ்கோஷியாவிலிருந்து அகாடியர் என்னும் பிரெஞ்சு மொழி மக்களைக் கப்பலேற்றி விரட்டினார்கள். அந்தத் துயரை வைத்து அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1847-இல் ஒரு காவியம் எழுதினார். அதன் நாயகி இவாஞ்சலின், பிரிந்த காதலனை ஆயுள் முழுக்கத் தேடி அலைபவள். அகாடியர்கள் அவளைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். அவளுக்குச் சிலை எழுந்தது. ஒரு நாளிதழுக்கே அவள் பெயர். ஆனால் ரத்தமும் சதையுமான அகாடியப் பெண்களின் கதை வேறு.

அகாடியர் மிகுந்து வாழும் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1919-இல் வந்தது. தேர்தலில் நிற்கும் உரிமை 1934-இல்தான். பதினைந்து ஆண்டுகள் வாக்குப் போடலாம், வாக்குக் கேட்கக் கூடாது! சட்டமன்றத்தில் முதல் பெண் நுழைந்தது 1967-இல். அவர், பிரெண்டா ராபர்ட்சன், ஆங்கிலம் பேசுபவர்.

அதே காலத்தில்தான் அகாடியர்கள் எழுச்சி பெற்றார்கள். 1960 தேர்தலில் வென்று முதல்வரான லூயி ரோபிஷோ அகாடியர். 1969-இல் அவர் ஆட்சி பிரெஞ்சை ஆட்சிமொழியாக்கியது. ஆனால் அந்த அவையில் அகாடியர் தரப்பில் பேசிய குரல்கள் அனைத்தும் ஆண் குரல்கள். மொழிக்கு விடுதலை வந்தபோது அதைப் பேசும் பெண்ணுக்கு அவையில் இடமில்லை.

வெளியே குரல்கள் இல்லாமலில்லை. கராகெட் ஊரில் முடிதிருத்தும் தொழில் செய்த மதில்டா பிளான்ஷார் மீன் பதனிடும் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் வைத்துப் போராடினார். 1969-இல் மாகாண கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமைக்கே போட்டியிட்டார். தோற்றார். என்னைக் கேட்டால், இவாஞ்சலினை விட இவருக்குத்தான் முதலில் சிலை வைத்திருக்க வேண்டும்.

1987 அக்டோபர் 13 அன்று பிராங்க் மெக்கென்னாவின் லிபரல் கட்சி 58 தொகுதிகளையும் அள்ளியது. அந்த அலையில்தான் பிரெஞ்சு மொழிப் பெண்கள் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் வழக்கறிஞர் அல்டேயா லாண்ட்ரி. மீனவர்கள் வாழும் ஷிப்பகன் பகுதியிலிருந்து வந்து துணை முதல்வரானார். தமிழில் மனைவியையும் 'துணை' என்றே சொல்கிறோம். அந்தப் பதவிப்பெயரை எழுதும்போது எனக்கு அது உறுத்துகிறது. ஆனால் அவர் வகித்தது அலங்காரப் பதவி அல்ல. கனடாவின் அரசியல் சட்டத் திருத்தத்துக்கான மீச் லேக் ஒப்பந்தம் மாகாணங்களைப் பிளந்துகொண்டிருந்த ஆண்டுகளில், மற்ற அரசுகளுடனான உறவுகளைக் கவனித்த அமைச்சரும் அவர்தான்.

1991-இல் கட்சி மறுபடி ஆட்சியைப் பிடித்தது. லாண்ட்ரி தம் தொகுதியை இழந்தார். நான்கே ஆண்டுகள். மாகாணத்தின் முதல் பெண் முதல்வராக சூசன் ஹோல்ட் 2024-இல் பதவியேற்றார். அகாடியப் பெண் எவரும் அந்த நாற்காலியில் இன்னும் அமரவில்லை.