எட்டு போட்ட கதையும் சிவப்புக் கொடிக்காரரும்

ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னைக்கு எப்படியாவது எழுதிடணும்னு உட்கார்ந்ததுக்குக் காரணம் ஒரு சைக்கிள்.

கார் லைசன்ஸ் கைக்கு வந்து மூணு வாரம் ஆகியிருந்தது. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பால் பாக்கெட் வாங்கணும்னு சாக்கு சொல்லி வண்டியை எடுத்தேன். (நடந்தா நாலே நிமிஷம். புதுசா ஓட்டக் கத்துக்கிட்டவங்களுக்குத்தான் அந்த அரிப்பு புரியும்.) எங்க ஏரியா உள்தெரு. ரோடு காலி. முள் ஐம்பதைத் தொட்டுச்சு. ஓரமா நின்ன ஒரு மினி வேனுக்குப் பின்னாடிலேர்ந்து ஒரு பொடியன் சைக்கிள்ல சர்ருன்னு குறுக்க வந்தான். பிரேக் மேல ஏறி நின்னேன். வண்டி நின்னப்போ என் பம்பருக்கும் அவன் சைக்கிள் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு முழம் இருந்திருக்கும். பையன் என்னை ஒரு முறை முறைச்சுட்டுப் போயிட்டான். எனக்குத்தான் கிளட்ச் மேல இருந்த கால் ரொம்ப நேரம் ஆடிக்கிட்டே இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். ஏதாவது ஆகியிருந்தா போலீஸ்ல என்ன சொல்லியிருப்பேன்? "பையன் திடீர்னு குறுக்க வந்துட்டான் சார்." சந்தேகமே இல்லாம இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா அந்தத் தெருவுல ஐம்பதுல போகலாமா கூடாதான்னு எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை, நானும் கேட்கலை. எல்.எல்.ஆர். பரீட்சைக்கு விடையை மனப்பாடம் பண்ணினேன். டெஸ்ட் அன்னைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி நேரா கொஞ்ச தூரம், ரிவர்ஸ்ல கொஞ்ச தூரம். அதுலயும் பாதி பிரேக் பக்கத்து சீட்ல இருந்த மாஸ்டரோட கால் போட்டது. பதினெட்டு வயசுல பைக் லைசன்ஸ் வாங்கினப்பவும் இதே கதைதான். எட்டு போடத் தெரியும், ரோட்டுல ஓட்டத் தெரியாது.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்த ரூல்ஸ் எல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். நம்ம ஊர்ல 1914ல வந்த முதல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம், அப்புறம் 1939ல வந்தது ரெண்டுமே வெள்ளைக்காரன் ஆட்சியில போட்டது. இப்போ இருக்கற 1988 சட்டம் அந்த வம்சாவளிதான். அதனால கதையை லண்டன்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

சிவப்புக் கொடிக்காரர்

1865ல பிரிட்டன்ல ஒரு சட்டம் போட்டாங்க. தானா ஓடுற வண்டி (அப்போ எல்லாம் நீராவி வண்டிதான்) ஊருக்கு வெளியில மணிக்கு நாலு மைல், ஊருக்குள்ள ரெண்டு மைலுக்கு மேல போகக் கூடாது. ரெண்டு மைல்னா சுமாரா மூணு கிலோமீட்டர். எங்க பாட்டி கோயிலுக்கு நடக்குற வேகம் அதைவிட ஜாஸ்தி. அது மட்டுமில்ல, வண்டிக்கு அறுபது கஜம் முன்னாடி ஒரு ஆள் சிவப்புக் கொடி பிடிச்சுக்கிட்டு நடந்தே போகணும். 1878ல கொடி கட்டாயமில்லைன்னு தளர்த்தினாங்க, ஆனா முன்னாடி நடக்க ஆள் வேணும்.

படிச்சதும் நானும் சிரிச்சேன். ஆனா அந்த ஆளோட வேலை என்னன்னு யோசிச்சுப் பாருங்க. பெரிய வண்டி ஒண்ணு வருதுன்னு எதிர்ல வர்ற மனுஷனுக்கும் குதிரைக்கும் முன்கூட்டியே சொல்றதுதான். இன்னைக்கு இண்டிகேட்டர், ஹெட்லைட், ஹாரன் எல்லாம் செய்யுற வேலையை அன்னைக்கு ஒரு மனுஷன் நடந்துபோய் செஞ்சிருக்கார்.

பிரிட்ஜெட் டிரிஸ்கால்

1896 ஆகஸ்ட் 17. லண்டன்ல கிரிஸ்டல் பேலஸ் மைதானம். அங்கே ஒரு கம்பெனி கார்களைக் காட்சிக்கு ஓட்டிக் காட்டிக்கிட்டு இருந்தது. அந்த வழியா மகளோட வந்த பிரிட்ஜெட் டிரிஸ்கால்ங்கற 44 வயசு அம்மா மேல ஒரு கார் மோதி, அவங்க இறந்துட்டாங்க. பெட்ரோல் கார் மோதி பிரிட்டன்ல இறந்த முதல் பாதசாரி அவங்கதான்.

அந்தக் கார் எவ்வளவு வேகத்துல வந்துச்சு தெரியுமா? ஓட்டின ஆள் நாலு மைல்னு சொன்னார். தீயணைப்பு வண்டி மாதிரி வந்துச்சுன்னு சாட்சி சொன்னவங்களும் உண்டு. அவர் மணி அடிச்சார், கத்தினார். அந்த அம்மா எந்தப் பக்கம் நகர்றதுன்னு தெரியாம திகைச்சு நின்னுட்டாங்க. வாழ்க்கையில முதல் முறையா குதிரை இல்லாத வண்டி நேரா வந்தா யாரா இருந்தாலும் அப்படித்தானே நிப்பாங்க?

இதுல என்னை உலுக்கினது வேற ஒரு விஷயம். அந்த டிரைவர் கார் ஓட்ட ஆரம்பிச்சு மூணே வாரம்தான் ஆகியிருந்தது. லைசன்ஸ்னு ஒண்ணு அப்போ கிடையாது. ரோட்டுல எந்தப் பக்கமா போகணும்னுகூட அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலையாம்.

மூணு வாரம். நான் மேல எழுதினதை இன்னொரு தடவை பாருங்க.

விசாரணையில எதேச்சையான மரணம்னு தீர்ப்பாச்சு. இப்படி ஒண்ணு இனிமே நடக்கவே கூடாதுன்னு விசாரணை அதிகாரி சொன்னாராம். அதே வருஷம் நவம்பர் 14ல பழைய சட்டம் போய், முன்னாடி நடந்த ஆளும் போய், வேக வரம்பு 14 மைலாச்சு.

பரீட்சை வர்றதுக்கு நாற்பது வருஷம்

1903ல அங்கே லைசன்ஸ், நம்பர் பிளேட் ரெண்டையும் கட்டாயமாக்கினாங்க. ஆனா லைசன்ஸ் வாங்க அஞ்சு ஷில்லிங் கட்டினா போதும், ஓட்டத் தெரியுமான்னு யாரும் கேட்கலை. (நம்ம ஊரு புரோக்கர் ஞாபகம் வந்தா கம்பெனி பொறுப்பில்லை :)) 1930ல காருக்கு வேக வரம்பையே எடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் 'ஹைவே கோட்'னு சாலை விதிப் புத்தகம் ஒரு பென்னி விலைக்கு வந்தது. ரியர்வியூ கண்ணாடியைப் பத்தி அதுல ஒரு வார்த்தைகூட இல்லை. முந்தும்போது ஹாரன் அடின்னு மட்டும் இருந்துச்சு.

விளைவு? 1934ல பிரிட்டன் ரோடுகள்ல செத்தவங்க 7,343 பேர். அப்போ அங்கே இருந்த மொத்த வண்டியே 24 லட்சம் சொச்சம்தான். அதுக்கு அப்புறம்தான் முழிச்சுக்கிட்டாங்க. 1935 மார்ச்ல ஊருக்குள்ள 30 மைல் வரம்பு திரும்ப வந்தது. ஜூன் 1லேர்ந்து புதுசா ஓட்டுறவங்களுக்கு டெஸ்ட் கட்டாயம். டெஸ்ட் எடுக்க தனி இடம்கூட இல்லாம, அதிகாரிங்க ரயில்வே ஸ்டேஷன் வாசல்லயும் பார்க் ஓரத்துலயும் நின்னு ஆளைப் பிடிச்சு வண்டியில ஏறினாங்களாம். முதல் வருஷம் பாஸானவங்க 63 சதவீதம். டிரிஸ்கால் இறந்து 39 வருஷம் கழிச்சுத்தான், ஓட்டத் தெரியுமான்னு ஒரு அரசாங்கம் கேட்டிருக்கு.

2022ல பிரிட்டன்ல சாலை விபத்துல இறந்தவங்க 1,711 பேர். வண்டிங்க நாலு கோடிக்கு மேல. ரோடு, ஆஸ்பத்திரி, கார் தயாரிப்பு எல்லாத்துக்கும் அதுல பங்கு உண்டு. ஆனா ரூல்ஸுக்கும் பெரிய பங்கு இருக்கு.

ஒரு டாக்டரும் ஒரு பைக்கும்

டெஸ்ட் கட்டாயமாகுறதுக்கு கிட்டத்தட்ட மூணு வாரம் முன்னாடி, 1935 மே 13. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்திருப்பீங்க. அந்த நிஜ லாரன்ஸ் பைக்ல வந்துக்கிட்டு இருந்தார். முன்னாடி சைக்கிள்ல ரெண்டு பசங்க. அவங்க மேல இடிக்காம ஒதுங்கப் போய் தூக்கி எறியப்பட்டார். தலையில ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமலே இருந்து இறந்தார். வயசு 46.

அவரைப் பார்த்த டாக்டர்கள்ல ஒருத்தர் ஹியூ கெய்ர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். நடந்தது நடந்துபோச்சுன்னு அவர் விடலை. பைக் விபத்துல தலையில அடிபட்டவங்களைப் பத்தி விவரம் சேர்த்து 1941ல ஒரு கட்டுரை எழுதினார். உலகப்போர் தொடங்கின முதல் 21 மாசத்துல பைக்ல போய் இறந்தவங்க 2,279 பேர்னு அதுல கணக்குப் போட்டார். ஹெல்மெட்டோட விழுந்தவங்க ஏழே பேர்தான் அவர் பார்வைக்கு வந்தாங்க. ஏழு பேருமே பிழைச்சுக்கிட்டாங்க. அதே வருஷம் பிரிட்டிஷ் ராணுவம் தபால் கொண்டுபோற பைக்காரங்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிச்சு. பொதுமக்களுக்குச் சட்டமாக 1973 ஆச்சு. கெய்ர்ன்ஸ் 1952லயே காலமாயிட்டார்.

2015 ஜூலை 1லேர்ந்து தமிழ்நாட்டுல ஹெல்மெட் கட்டாயம்னு சென்னை உயர்நீதிமன்றம் சொன்னப்போ எனக்குப் பதினெட்டு வயசு. டேங்க் மேலயே ஹெல்மெட்டை வச்சுக்கிட்டு, போலீஸ் தலை தெரிஞ்சா மட்டும் மாட்டின கும்பல்ல நானும் ஒருத்தன். ஒரு டாக்டர் ஆறு வருஷம் உட்கார்ந்து கண்டுபிடிச்ச விஷயத்தை முந்நூறு ரூபாய் மொபைல் கவர் அளவுக்குக்கூட மதிக்கலை.

பொட்டி தட்டுறவன் கணக்கு

நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு இது ஈசியா புரியும். பத்து வருஷப் பழைய கோட்ல சம்பந்தமே இல்லாம ஒரு கண்டிஷன் உட்கார்ந்திருக்கும். "எவன்டா இதை எழுதினான்"னு தூக்கிடுவோம். அன்னைக்கு ராத்திரியே புரொடக்‌ஷன் படுத்துடும். அப்புறம்தான் தெரியும், என்னைக்கோ ஒரு நாள் இதே மாதிரி படுத்ததுக்குத்தான் அந்த வரியை யாரோ சேர்த்திருக்காங்கன்னு. சாலை விதியும் அதே கேஸ்தான். ஒவ்வொரு வரிக்குப் பின்னாடியும் ஒரு சம்பவம். அங்கே படுத்தது சர்வர் இல்லை, ஆளு.

என் ஐம்பதுக்கு வர்றேன். ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக சுமாரா ஒரு செகண்ட் ஆகும். அந்த ஒரு செகண்ட்ல ஐம்பதுல போற கார் 14 மீட்டர் ஓடிடும். அதுக்கு அப்புறம் காஞ்ச ரோட்டுல நல்ல பிரேக் பிடிச்சு நிக்க இன்னொரு 14 மீட்டர். மொத்தம் 28. முப்பதுல போனா? எட்டும் அஞ்சும் பதிமூணு. அதாவது முப்பதுல வந்தவன் நின்னு முடிச்ச இடத்துல, ஐம்பதுல வந்தவன் கால் பிரேக்கையே தொட்டிருக்காது. அந்தப் பையன் கிட்ட போறப்போ வண்டி முழு ஐம்பதுலயே போயிருக்கும். எனக்கு அன்னைக்கு அமைஞ்சது தூரம், திறமை இல்லை.

அதனால, புதுசா ஓட்டுற தம்பி தங்கைகளுக்கு இந்த அண்ணன் சொல்ற நாலு விஷயம்:

உள்தெருவுல முப்பதைத் தாண்டாதீங்க. நிக்கிற வேன், ஆட்டோ, குப்பைத்தொட்டி எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு சைக்கிள் இருக்குன்னே நினைச்சுக்குங்க.

முன்னாடி வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டினதும் எண்ண ஆரம்பிங்க. ரெண்டு செகண்டுக்கு முன்னாடி நீங்க அதே கம்பத்துக்கு வந்தா ரொம்ப ஒட்டிப் போறீங்கன்னு அர்த்தம். மழைன்னா நாலு.

திரும்புறதுக்கு முன்னாடி கண்ணாடி, அப்புறம் இண்டிகேட்டர், அப்புறம்தான் ஸ்டீயரிங். ஹாரன் எச்சரிக்கைக்கு மட்டும். டிரிஸ்கால் அம்மாவுக்கும் மணி அடிச்சாங்க, வண்டியை நிறுத்தலை.

சீட் பெல்ட் போடாம சாவியைத் திருகாதீங்க. மூணு முனை பெல்ட்டை 1959ல வடிவமைச்ச நில்ஸ் போலின், அதுக்கு முன்னாடி போர் விமானத்துல விமானியைத் தூக்கி வெளிய எறியற சீட் செஞ்சவர். மத்த கம்பெனிகளும் உபயோகிக்கட்டும்னு வால்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்து விட்டுடுச்சு. ஓசியில கிடைச்ச உயிர்க்காப்பு அது.

2022ல இந்திய ரோடுகள்ல இறந்தவங்க 1,68,491 பேர்னு மத்திய அரசு கணக்கு சொல்லுது. ஒரு நாளைக்கு 460க்கு மேல. அதுல ஹெல்மெட் போடாம போனவங்க மட்டும் 50,029. நான் அந்த ஞாயித்துக்கிழமை இந்தக் கணக்குல இன்னொண்ணைச் சேர்க்க இருந்தேன்.

எங்க மாஸ்டர் முதல் நாளே சொன்னார், "ரோட்டுல எல்லாரும் தப்பு பண்ணுவாங்கன்னு நினைச்சு ஓட்டுங்க சார்"னு. அந்த எல்லாரும்ல நானும் உண்டுன்னு எனக்குத்தான் உறைக்கலை.

உங்களுக்கும் இப்படி ஒரு முழ இடைவெளி அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டணும்னாலும் திட்டலாம், தகுதியானவன்தான்.

டிஸ்கி: பால் பாக்கெட் வாங்க இப்போ நடந்துதான் போறேன். அந்தப் பையனை அடிக்கடி பார்க்கறேன். இன்னும் முறைக்கிறான் :)