கடிவாளமும் கண்ணும்

சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரியை ஒட்டிச் சுண்ணாம்புக்குளம் என்னும் ஊர் இருக்கிறது. ஏரியும் வலையுமே அவ்வட்டாரத்து மீனவர்களின் வாழ்வு. அதற்கு மேற்கே எளாவூர், ஆரம்பாக்கம் வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலை செல்கிறது. இரவென்றும் பகலென்றும் பாராமல் அதில் கனரக லாரிகள் ஓடுகின்றன. அவற்றுள் புதியன சிலவற்றில், ஓட்டுநர் மிதியை அழுத்தாமலே வண்டி ஒரே வேகத்தில் ஓடும். இந்த ஏற்பாட்டிற்குக் 'குரூஸ் கண்ட்ரோல்' என்று பெயர். இது எவ்வாறு தோன்றியது, இதனை எங்கே நம்பலாம், எங்கே நம்பலாகாது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

லாரிகள் பெருகுவதற்கு முன் இப்பகுதியின் சரக்குகள் பெரும்பாலும் நீர்வழியே சென்றன. 1806-இல் எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாய் பிறகு பழவேற்காட்டிற்கும் அப்பாலும் நீண்டது. 1877-78 பஞ்சகாலத்தில் கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை அது பெற்றது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கழி ஊன்றியும், கயிறு கட்டி இழுத்தும், பாய் விரித்தும் செலுத்தினர். அங்கே வேகத்தை அளந்தவை மனிதனின் மூச்சும் காற்றின் போக்குமே.

யந்திரம் வந்தபின் அதற்கு ஒரு கடிவாளம் தேவைப்பட்டது. 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி யந்திரத்தில் இரண்டு குண்டுகளைச் சுழலவிட்டார். வேகம் மிகுந்தால் குண்டுகள் விலகி உயரும். நீராவி வரும் வழி குறுகும். வேகம் தணிந்தால் அவை தாழும், வழி விரியும். ருடால்ப் டீசல் 1897-இல் இயக்கிக் காட்டிய எஞ்சினுக்கும் இத்தகைய காவல் இன்றியமையாததாயிற்று. எண்ணெயின் அளவைக் கட்டுப்படுத்தாவிடில், பளு குறைந்தவுடன் அது தன்னைத்தானே சிதைக்குமளவு வேகங்கொள்ளும்.

சாலையில் வண்டியின் வேகத்தையே நிலைநிறுத்தும் கருவியை அமைத்தவர் ரால்ப் டீட்டர் என்னும் அமெரிக்கப் பொறியியலார். சிறுவயதிலேயே கண்பார்வை இழந்தவர் அவர். 1950-இல் அவர் பெற்ற காப்புரிமை 1958-இல் கிறைஸ்லர் கார்களில் பயனுக்கு வந்தது. கண்ணில்லாதவர் படைத்த அக்கருவிக்கும் கண் இல்லை. வேகத்தை அது அறியும், வழியை அறியாது!

நம் நாட்டிலும் லாரித் தொழில் வளர்ந்தது. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதன் தொழிற்சாலை இதே வடகரையின் எண்ணூரில் எழுந்தது. 2015-ஆம் ஆண்டு விதி, புதிய சரக்கு வண்டிகளின் வேகத்திற்கு மணிக்கு 80 கிலோமீட்டர் என வரம்பிட்டது. அது உச்சத்தைத் தடுக்கும் பூட்டு. குரூஸ் கண்ட்ரோலோ விரும்பிய வேகத்தைக் காக்கும் கருவி. இரண்டும் ஒன்றல்ல.

80 கிலோமீட்டர் வேகத்தில் லாரி ஒரு நொடியில் சுமார் 22 மீட்டர் கடக்கிறது. வேகம் இருமடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே, நேரான, உலர்ந்த, நெரிசலற்ற சாலையில்தான் இக்கருவிக்கு இடமுண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை அணைத்துவிட வேண்டும். ஈரத்தில் சக்கரம் வழுக்கினாலும், வேகத்தைக் காக்க முயலும் கருவி மேலும் விசையூட்டக்கூடும். பாரமில்லாத லாரிக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். நீண்ட இறக்கத்திலும் இதனை நம்பலாகாது. முன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றி, எஞ்சின் பிரேக்கைக் கொண்டு வேகத்தை அடக்குவதே முறை. ஊர் நெருங்கும் இடத்திலும், மூடுபனியிலும், தூக்கம் கண்ணைச் செருகும் வேளையிலும் கருவி ஓய்வு கொள்ளட்டும். பிரேக்கைத் தொட்டாலே அது விலகிவிடும்; ஆதலால் கால் எப்போதும் பிரேக்கிற்கு அருகிலேயே இருத்தல் வேண்டும். முன்செல்லும் வண்டியை உணரும் ராடார் வகைகளும் இன்று உண்டு. அவையும் ஓட்டுநருக்குத் துணையேயன்றி மாற்று அல்ல.

மாணவ நண்பர்களே! மனிதன் தன் கைவேலையையும் கால்வேலையையும் ஒவ்வொன்றாக யந்திரத்திடம் ஒப்படைத்த கதையே இது. ஆயினும் மீன்கூடையுடன் சாலையைக் கடக்கும் தாயையும், பள்ளிக்கு விரையும் பிள்ளையையும் கண்டு வண்டியை நிறுத்தும் கடமை இன்னும் ஓட்டுநரிடமே இருக்கிறது. பாய்க்குக் காற்றை விட்டுக்கொடுத்த படகோட்டி, சுக்கானை ஒருபோதும் கைவிட்டதில்லை அன்றோ?