மூடியை விட்டு மேலேறிய விளக்கு

மீன்தொட்டிக்கு மூடி போட்டுப் பழகியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். தொட்டியின் சூடு வெளியே போய்விடக் கூடாது என்று ஒரு கண்ணாடி மூடி, அதன்மேல் ஒரு பெட்டி, பெட்டிக்குள் விளக்கு. லண்டனிலும் பெர்லினிலும் அது சரி. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில், இரு மாநிலச் சோதனைச்சாவடிகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் கோபாலபுரத்துக்கு அது எப்படிச் சரியாகும்? ஏப்ரல் மாதத்தில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. அந்த மாதத்தில் ஆறடித் தொட்டிக்கு மூடி போட்டு, மூடிக்குள் டியூப்லைட்டை எரியவிடுவது மீனுக்குச் செய்யும் கொடுமை. தொட்டியை விட்டுப் பிரிந்து வீட்டுத் தளத்திலிருந்து தொங்கும் விளக்குக் கூடு இன்று இந்தப் பக்கத்துப் பெரிய தொட்டிகளுக்கு மேலே வரத் தொடங்கியிருக்கிறது. கடைக்காரர்கள் கேனோபி என்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்றுதான் பலரும் மாட்டுகிறார்கள். அது பிறந்த கதையைப் பார்த்தால், நம்முடையதைப் போன்ற வெப்பமான ஊருக்குத்தான் அது முதலில் வந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

தொட்டிக்கு வெளிச்சம் எதற்கு என்ற கேள்விக்கு விடை 1779ல் கிடைத்தது. வெயில் படும்போதுதான் செடியின் பச்சைப் பாகங்கள் பிராணவாயுவை வெளிவிடுகின்றன என்று யான் இங்கன்ஹவுஸ் அந்த ஆண்டு எழுதினார். லண்டனில் மருந்து வேதியியலராக இருந்த ராபர்ட் வாரிங்டன் அதைத் தண்ணீருக்குள் சோதித்துப் பார்த்து 1850ல் அறிவித்தார். 12 காலன், அதாவது நம் கணக்கில் 54 லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம். அதில் தங்கமீன், வாலிஸ்னேரியா என்னும் நாடா இலைச் செடி, அழுகியதைத் தின்ன நத்தை. தண்ணீரை மாற்றாமலே மீன் உயிரோடு இருந்தது. வெளிச்சம் ஜன்னலிலிருந்து வந்தது.

ஜன்னல்தான் முதல் தொல்லையும் ஆனது. குளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் விழுகிறது. கண்ணாடித் தொட்டியில் நாலு பக்கமும் நுழைகிறது. கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி ஏறிவிடும். அதனால் வாரிங்டன் பின்பக்கம் சரிவாக, ஒளிபுகாமல் இருக்கும் தொட்டியை வடிவமைத்து, மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி செய்தார். 1864ல் ஹாம்பர்க், 1871ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகங்களைக் கட்டிய வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டும் அதே கொள்கைக்காரர். பார்ப்பவர் இருட்டில் நிற்க வேண்டும், வெளிச்சம் தண்ணீரின் தலைக்கு மேலிருந்துதான் இறங்க வேண்டும். பிற்காலத்தில் வந்த எல்லா விளக்குக் கூடுகளுக்கும் அடிப்படை இந்த எண்ணம்தான். மின்விளக்கு அந்தச் சூரியனை வீட்டுக்குள் கொண்டுவர வந்த கருவி, அவ்வளவே.

ஆனால் வீட்டுத் தொட்டிக்கு முதலில் வந்த மின்விளக்கு குண்டு பல்பு. அது குடிக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை, மீதியெல்லாம் சூடு. குளிர்ந்த அறையில் அந்தச் சூடும் உபயோகப்பட்டது. மூடியோடு பல்பைச் சேர்த்து ஒரே பெட்டியாக்கினார்கள். 1938ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் டியூப்லைட்டை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு பெட்டி நீளமானது, இடம் மாறவில்லை. நம் ஊர்த் தொட்டிகளின் தலையில் பல வருடம் உட்கார்ந்திருந்தது இதன் வாரிசுதான். பிளைவுட் பெட்டி, உள்ளே 40 வாட் டியூப், பக்கத்தில் சோக்கு, ஸ்டார்ட்டர். சோக்கு மட்டுமே பத்து வாட்டுக்குக் குறையாமல் சூடாகும். தண்ணீரின் ஈரம் ஏறி பிளைவுட் உப்பும், ஹோல்டர் துருப்பிடிக்கும். மீனுக்குத் தீனி போடப் பெட்டியைத் தூக்கினால் கையில் ஷாக் அடித்த வீடுகள் எத்தனையோ.

இதற்கு நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜகார்த்தாவில் பவளத் தொட்டிகள் வைத்திருந்த லீ சின் எங் 1961ல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் தன் முறையை எழுதினார். உயிருள்ள பாறை, கடல்நீர், காற்றுக்குமிழி, வெயில். விளக்கும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். வெப்பநாட்டில் நின்றுகொண்டு அவர் சொன்னது அது. குளிர்நாட்டுக்காரர்கள் பாறையையும் குமிழியையும் எடுத்துக்கொண்டார்கள். வெயிலுக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

கடைசியில் கடைவீதிக்கும் விளையாட்டரங்குக்கும் போட்ட மெட்டல் ஹாலைடு விளக்கைப் பிடித்தார்கள். ஆஸ்ராம் நிறுவனம் எச்கியூஐ என்று பெயரிட்டு விற்ற அந்த விளக்கு, 1980களில் ஜெர்மனியின் பவள வளர்ப்பாளர்களிடம் பரவியது. புள்ளி போன்ற ஒளிமூலம். அதனால் தொட்டியின் அடியில் அலையின் நிழலாட்டம் கடலில் தெரிவதைப் போலவே தெரிந்தது. பவளம் வளர்ந்தது. ஆனால் அதன் சூடு பயங்கரம். மூடிக்குள் வைத்தால் மூடி கருகும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் கண்ணாடி விரிசல் விடும். வேறு வழியில்லை, விளக்கைத் தூக்கி அறையின் கூரையில் கம்பி கட்டித் தொங்கவிட்டார்கள். கேனோபி பிறந்தது அந்தச் சூட்டில்தான்.

பிறந்த குழந்தைக்கு அழகு செய்தவர் ஜப்பானியர். நீகாட்டாவில் 1954ல் பிறந்த தகாஷி அமானோ முதலில் சைக்கிள் பந்தய வீரர், பிறகு இயற்கைப் புகைப்படக்காரர், அதன்பின் நன்னீர்ச் செடித் தொட்டிகளின் ஆசான். விளிம்புச் சட்டமே இல்லாத கண்ணாடித் தொட்டி, மேலே ஓர் அடி இடைவெளியில் கம்பியில் தொங்கும் 150 வாட் மெட்டல் ஹாலைடு. அவருடைய நிறுவனம் அதற்கு சோலார் என்று பெயர் வைத்தது. மூடி போனதும் தொட்டிக்குள் அடைபட்டிருந்த செடிகள் தண்ணீரை விட்டு வெளியே இலை நீட்டின. படமெடுப்பவருக்கு மேலிருந்தும் கோணம் கிடைத்தது. 2015ல் லிஸ்பன் கடல்காட்சியகத்தில் அவர் அமைத்த 40 மீட்டர் நீள நன்னீர்த் தோட்டம் அவருடைய கடைசிப் பெரிய வேலை. அந்த ஆண்டே காலமானார்.

இன்னொரு அமானோவும் இந்தக் கதைக்கு வேண்டும். ஹிரோஷி அமானோ, அவருடைய ஆசிரியர் இசாமு அகாசாகி, தனியாக உழைத்த ஷுஜி நாகாமுரா மூவரும் நீல எல்ஈடியைச் சாத்தியமாக்கினார்கள். 2014ல் நோபல் பரிசு பெற்றார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசினால் வெள்ளை. மீன்தொட்டிக்கு இதில் முக்கியமானது ஒன்று உண்டு. குண்டு பல்பும் மெட்டல் ஹாலைடும் சூட்டை வெளிச்சத்தோடு சேர்த்துக் கீழே தண்ணீர்மேல் கொட்டுகின்றன. எல்ஈடி சூடு பின்பக்கம் போகிறது. அலுமினிய ஹீட் சிங்க் அதை வாங்கி அறைக் காற்றில் விடுகிறது. ஆக, தளத்தில் தொங்கும் எல்ஈடி விளக்கில் வெளிச்சம் கீழே இறங்குகிறது, சூடு மேலே ஏறுகிறது. மெட்டல் ஹாலைடுக்குப் பயந்து தூக்கிய விளக்கு, பயம் தீர்ந்த பின்னும் கீழே இறங்கவில்லை. இறங்கவும் கூடாது, அதற்குக் காரணம் காற்று.

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 7. நம் மலையோடை மீன்களுக்கு அது மூச்சுத்திணறல். டெனிசன் கெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள், கடைகளில் மிஸ் கேரளா என்று விற்கும் அந்தச் சிவப்புக் கோட்டு மீன். 1865ல் முண்டக்கயத்து மீனை வைத்து ஃபிரான்சிஸ் டே அதை விவரித்தார்; அப்போதைய மதராஸ் ஆளுநர் வில்லியம் டெனிசன் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழல் ஓடைகளில், குளிர்ந்து வேகமாக ஓடும் தண்ணீரில் வாழ்வது. அழியும் அபாயத்தில் உள்ள இனம். வாங்குவதானால் பண்ணையில் குஞ்சு பொரித்ததை மட்டும் வாங்க வேண்டும், ஓடையில் பிடித்ததைத் தொடக் கூடாது. அதை மூடிய தொட்டியில் ஏப்ரலைக் கடத்தச் சொல்வது நியாயமில்லை.

மூடியைத் தூக்கிவிட்டால் என்ன நடக்கிறது? ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டியில் 680 லிட்டர் கொள்ளும். அதில் ஒரே ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால், வெளியிலிருந்து வேறு சூடு ஏறாத பட்சத்தில், மொத்தத் தண்ணீரும் கிட்டத்தட்ட 0.85 டிகிரி குளிரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் காற்று வறண்டது. ஃபேன் ஓடும் அறையில் திறந்த தண்ணீர்ப் பரப்பு வேகமாக ஆவியாகும். மண்பானை செய்யும் வேலையைத்தான் திறந்த தொட்டியும் செய்கிறது. சில்லர் என்னும் குளிரூட்டும் இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதியை நம் காற்று மிச்சப்படுத்தித் தரும், விளக்கு தண்ணீரின் தலையை அடைத்துக்கொண்டு உட்காராமல் இருந்தால்.

செய்முறையில் கவனம் வைக்க வேண்டிய இடம் வீட்டின் தளம். கான்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்து விட்ட ஃபேன் கொக்கி எல்லா வீட்டிலும் இருக்கும். அதில் விளக்கை மாட்ட ஆசை வரும். வேண்டாம். ஃபேனுக்காகத்தான் விளக்கையே மேலேற்றுகிறோம். ஃபேனைக் கழற்றிவிட்டு என்ன பயன்? தவிர, ஆறடிக் கூட்டை ஒரு புள்ளியில் தொங்கவிட்டால் சுற்றும். நாலு மூலைக்கும் தனித்தனி ஆங்கர் போல்ட் அடிக்க வேண்டும். ஃபேன் பாக்ஸிலிருந்து சுவர் நோக்கிப் போகும் கோட்டில் ட்ரில் இறக்கக் கூடாது. கான்கிரீட்டுக்குள் ஒயர் குழாய் ஓடும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் எடை தாங்காது, அதைத் துளைத்து மேலே உள்ள தளத்தைப் பிடிக்க வேண்டும். ஓட்டு வீடாக இருந்தால் உத்தரத்தில் கட்டலாம்; ஓடு தாங்கும் பட்டியல் சட்டத்தில் கட்டக் கூடாது.

கூட்டுக்கு அலுமினிய சேனல் சட்டம். வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் சுற்றிலும் ஓர் ஓரப் பலகை வேண்டும். கேரளத்து ஆசாரிகள் அடுக்களை அலமாரிக்குப் போடும் மல்டிவுட் இதற்கு நல்லது, ஈரத்தில் உப்பாது. மேல்பக்கத்தை மட்டும் மூடவே கூடாது, சூடு போக வழி வேண்டும். தொங்கவிட ஸ்டீல் ஒயர். இரண்டு கப்பி போட்டு ஏற்றி இறக்கும்படி செய்தால், தொட்டி கழுவும் நாளில் விளக்கை மூன்றடி தூக்கிவிட்டு இரண்டு கையும் தண்ணீருக்குள் விடலாம். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேற வேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் இறங்காது. அந்த லைனுக்கு 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் சுவிட்சைப் போடவே கூடாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவுமில்லை.

உயரம் எவ்வளவு என்று கேட்டால், ஓர் அடியில் தொடங்கலாம். செடி நீண்டு மெலிந்தால் இறக்க வேண்டும், பாசி ஏறினால் ஏற்ற வேண்டும் அல்லது நேரத்தைக் குறைக்க வேண்டும். டைமரில் எட்டு மணி நேரம் போதும். நிழலோடை மீன்கள் வெளிச்சம் கேட்பதில்லை. கேட்பவை செடிகளும் நம் கண்களும்.

திறந்த தொட்டிக்கு இரண்டு கடமைகள் உண்டு. டெனிசன் கெண்டை நன்றாகத் துள்ளும். பல்லி தண்ணீரில் விழும். இரண்டுக்கும் சேர்த்து, காற்றை மறிக்காத மெல்லிய வலையை அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டிப் பரப்பின்மேல் வைக்க வேண்டும். மற்றது தண்ணீர். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். குறைந்ததை ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றி நிரப்பிக்கொண்டே போனால் வாரத்துக்கு வாரம் உப்பு ஏறும். வீட்டில் ஆர்ஓ இருந்தால் அந்தத் தண்ணீரை ஊற்றலாம். இல்லையென்றால் ஜூன் மழையில் கூரைத் தண்ணீரை, முதல் மழை கூரையைக் கழுவியபின், ஒரு சின்டெக்ஸில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.